பணக்காரர்களின் பாய்மரப் படகுகளில் வேடிக்கை விபத்துகள் ஏன் நேர்கின்றன?

பெரும் பொருட்செலவில் பாய்மரப் படகு வாங்கி, போதிய பழக்கம் இல்லாமல் கடலில் இறங்கும் செல்வந்தர்களைப் பற்றிச் சொல்லப்படும் நகைச்சுவைக் கதைகள் உண்மையில் நடந்தவையா, நடந்தவை என்றால் அவை இந்த வகை மனிதர்களையே ஏன் தேடி வருகின்றன என்பது கேள்வி. அந்தக் கதைகளில் பெரும்பகுதி நடந்தவை. இன்றும் ஒவ்வொரு கோடைக்காலத்திலும் நடந்துகொண்டிருப்பவை. காரணத்தைச் செல்வந்தரின் அறிவுக்குறைவிலோ செருக்கிலோ தேடுவது எளிது, ஆனால் சரியன்று. இவர்களில் பலர் கூர்மையான அறிவாலும் கடும் உழைப்பாலும் தம் தொழிலில் உயர்ந்தவர்கள். பணம் இங்கே செய்யும் வேலை வேறு. கற்றுக்கொள்ளும் வரிசையில் இருக்க வேண்டிய ஒரு படியை அது எடுத்துவிடுகிறது.

சிறுபடகுப் பயிற்சிதான் அந்தப் படி. நான்கு மீட்டர் நீளமுள்ள பாய்ப்படகில் தவறு செய்பவருக்குத் தண்டனை அந்த நொடியிலேயே கிடைக்கிறது. பாய்க்கயிற்றைத் தளர்த்த வேண்டிய நேரத்தில் இறுக்கிப் பிடித்தால் படகு கவிழ்கிறது. காற்றுக்கு நேர் எதிரே முகத்தைத் திருப்பினால் அசையாமல் நின்றுவிடுகிறது. சேதம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை, படகை நிமிர்த்தி மறுபடி ஏறிக்கொள்ளலாம். இப்படிப் பலமுறை நனைந்தவருக்குக் காற்றின் திசை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டிய செய்தியாக இருப்பதில்லை; கன்னத்திலும் பிடரியிலும் அது தானாகத் தெரிகிறது. 12 மீட்டர் உல்லாசப் படகோ எட்டு ஒன்பது டன் எடை கொண்டது. அடியில் இரும்பாலோ ஈயத்தாலோ வார்த்த கனமான ஏராக்கட்டை, சாய்ந்த படகை மீண்டும் மீண்டும் நிமிர்த்திக்கொண்டே இருக்கிறது. புதியவர் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றை அந்தக் கனம் அவருக்குத் தெரியாமலே பொறுத்துக்கொள்கிறது. பொறுக்க முடியாத ஒன்று வரும்போதுதான் அத்தனை டன் எடையும் அதன் பின்னால் இருப்பது தெரியவருகிறது. பாயை ஏற்றவும் இறக்கவும் மின்பொறி, முகப்பைப் பக்கவாட்டில் தள்ள ஓர் உந்தி, இருக்கும் இடத்தைக் காட்ட ஒரு திரை என்று வசதிகள் கூடக்கூட, கயிற்றில் எவ்வளவு விசை ஏறியிருக்கிறது என்பதைக் கை அறியும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது.

பழைய காலத்தில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெரும்படகின் உரிமையாளர் பெரும்பாலும் தம் சொந்தப் படகிலேயே விருந்தாளி. ஓட்டுவது சம்பளத்துக்கு அமர்த்திய தலைவனும் மாலுமிகளும். 1866 இல் நியூயார்க்கின் இளம் செல்வந்தர்கள், விருந்து மேசையில் எழுந்த வீறாப்புப் பேச்சின் தொடர்ச்சியாக, ஆளுக்கு 30,000 டாலர் பந்தயம் கட்டி ஹென்ரியெட்டா, ஃப்ளீட்விங், வெஸ்டா என்னும் மூன்று படகுகளை அட்லாண்டிக் கடலைக் கடக்க அனுப்பினார்கள். மாதமோ டிசம்பர், வட அட்லாண்டிக்கில் அதைவிடக் கொடிய காலத்தைத் தேர்ந்தெடுப்பது கடினம். மூன்று உரிமையாளர் தரப்பிலும் படகில் ஏறிச் சென்றவர் ஹென்ரியெட்டாவின் உரிமையாளர் ஜேம்ஸ் கார்டன் பென்னட் ஒருவரே. அவரும் சாமுவேல் சாமுவேல்ஸ் என்ற தேர்ந்த கப்பல் தலைவரை அமர்த்திக்கொண்டுதான் போனார். ஹென்ரியெட்டா ஏறத்தாழ பதினான்கு நாளில், கிறிஸ்துமஸ் அன்று, இங்கிலாந்தை அடைந்து வென்றது. ஃப்ளீட்விங்கின் மாலுமிகள் ஆறு பேரைக் கடல் வாரிக்கொண்டு போனது. பந்தயம் கட்டியவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பந்தயத்தைச் சுவையான செய்தியாகச் சொல்பவர்கள் அந்த ஆறு பேரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மனம் விட்டுச் சிரிக்கத் தகுந்த வரலாறு தேயிலை வணிகர் தாமஸ் லிப்டனுடையது. பாய்மரப் படகுப் போட்டியின் புகழ்பெற்ற பரிசான அமெரிக்காக் கோப்பைக்காக 1899, 1901, 1903, 1920, 1930 என ஐந்து முறை ஷாம்ராக் என்ற பெயரிட்ட படகுகளைக் கட்டிப் போட்டியிட்டு, ஐந்து முறையும் தோற்றவர் அவர். 1901 மே மாதத்தில், இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிய சோலன்ட் நீரிணையில், இரண்டாம் ஷாம்ராக்கின் ஓட்டத்தைப் பார்க்க மன்னர் ஏழாம் எட்வர்டை அவர் அழைத்து வந்திருந்தார். ஒரு பலத்த காற்று வீச்சில் பாய்மரம் முறிந்து, பாய்களோடும் வடங்களோடும் கடலில் சரிந்தது. அவ்வளவு எஃகும் துணியும் விழுந்தும் மன்னர் உட்பட ஒருவருக்கும் காயம் இல்லை. விருந்தினரை மகிழ்விக்க விரும்பிய எந்த உரிமையாளருக்கும் அதைவிடப் பெரிய சங்கடம் நேர்ந்திருக்க முடியாது. 1903 இல் மூன்றாம் ஷாம்ராக், நியூயார்க்குக்கு வெளியே நடந்த கடைசிப் போட்டியில், மூடுபனியில் முடிவுக்கோட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் அதைக் கடந்து போய்விட்டது. 1920 இல் ஐந்து ஓட்டங்களில் முதல் இரண்டையும் வென்று, கோப்பை கைக்கு எட்டிய நிலையில், மீதி மூன்றையும் தோற்றார். இவற்றில் எந்தப் படகையும் சுக்கான் பிடித்து ஓட்டியவர் லிப்டன் அல்லர். ஆனாலும் ஒவ்வொரு தோல்வியையும் முகம் கோணாமல் தாமே ஏற்றுக்கொண்டார். அதனாலேயே 1930 தோல்விக்குப் பிறகு அமெரிக்கப் பொதுமக்கள் பணம் திரட்டி அவருக்குப் பொன்கோப்பை ஒன்றை வழங்கினார்கள். இங்கிலாந்தின் உயர்குடிப் படகுச் சங்கமான ராயல் யாட் ஸ்குவாட்ரன், அவர் இறந்த 1931 ஆம் ஆண்டில்தான் அவரை உறுப்பினராக்கியது.

இன்று நிலைமை மாறிவிட்டது. உரிமையாளரே சுக்கானைப் பிடிக்கிறார், அல்லது விடுமுறைக்கு மாலுமி இல்லாத படகை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டுகிறார். ஆகவே வேடிக்கையும் நடுக்கடலை விட்டுத் துறைக்குள் வந்துவிட்டது. நடுக்கடலில் இடம் தாராளம். தவறு நேர்ந்தாலும் மோதுவதற்கு எதுவும் இல்லை, பார்ப்பதற்கும் எவரும் இல்லை. படகுத்துறையிலோ இருபுறமும் விலையுயர்ந்த படகுகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றின் மேல்தளங்களில் கையில் கோப்பையோடு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் மாலைப்பொழுதில் உள்ளே வரும் படகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

புதியவருக்கு முதலில் வழிமறிப்பது அவருடைய கார் பழக்கம். காரில் முன்சக்கரம் திரும்பிய பாதையில் பின்பகுதி தொடர்ந்து வருகிறது. படகில் சுக்கான் பின்னால் இருப்பதால், இடப்பக்கம் திருப்பினால் முகப்பு இடப்பக்கம் போகும் அதே வேளையில் பின்பகுதி வலப்பக்கம் வீசி நகர்கிறது. முகப்பு தப்பிவிட்டது என்று அவர் நிம்மதி அடையும் நொடியில் பின்புறம் அடுத்த படகின் கைப்பிடிக் கம்பிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். காரில் உள்ளது போன்ற பிரேக் படகில் இல்லை. நிறுத்த வேண்டுமானால், நீருக்கடியில் படகை உந்தும் விசிறியைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். பின்னோக்கிச் சுழலும் விசிறி படகை நேராகப் பின்னால் இழுப்பதில்லை, பின்பகுதியை ஒரு பக்கமாகவும் நகர்த்துகிறது. பெரும்பாலான படகுகளில் அது இடப்பக்கம். பழகியவர் இந்தக் குணத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டே துறைக்குள் நுழைவார், அதையே துணையாகவும் கொள்வார். பழகாதவர் தாம் திருப்பாத பக்கம் படகு தானாகப் போவதைக் கண்டு திகைத்து, விசையைக் கூட்டுகிறார். விசை கூடியதும் அந்தப் பக்கவாட்டு இழுப்பும் கூடுகிறது.

முகப்பைத் தள்ளும் மின்னுந்தி இருக்கிறதே என்று கேட்கலாம். அந்த உந்திகளில் பல, தொடர்ந்து சில நிமிடங்களுக்கு மேல் ஓடினால் சூடேறித் தாமாக நின்றுவிடும்படி அமைக்கப்பட்டவை. அதை நம்பியே நுழைகிறவர் தொடக்கத்திலிருந்தே பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார். உண்மையிலேயே தேவைப்படும் நேரத்தில், சந்தின் நடுவில், குறுக்குக்காற்று முகப்பைப் பிடித்துத் தள்ளும்போது, அது ஓய்ந்துவிடும். படகு குறுக்காகத் திரும்பி, இரு வரிசைப் படகுகளின் முகப்புகள்மீதும் சாய்ந்தபடி, சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். அப்போது துறையில் இருக்கும் எல்லாரும் ஆளுக்கொரு யோசனையை உரக்கச் சொல்வார்கள். சுக்கானில் இருப்பவர் எல்லாவற்றையும் ஒருங்கே செய்ய முயல்வார்.

புறப்படுவதிலும் அதே அளவு ஆபத்து உண்டு. கரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் கம்பியைக் கழற்ற மறந்து கிளம்புவது மிகப் பரவலான நிகழ்ச்சி. கம்பி நீண்டு, விறைத்து, கரையில் உள்ள மின்கம்பத்தை வளைத்து, கடைசியில் செருகியோடு பிய்த்துக்கொண்டு தண்ணீரில் விழும். எல்லாக் கயிறுகளையும் அவிழ்த்துவிட்டதாக நினைத்து ஒரே ஒரு கயிற்றை மட்டும் விட்டுவைத்தால், படகு அதைக் கவராயத்தின் முள்ளாகக் கொண்டு அழகாக ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்திலேயே வந்து மோதும். அவிழ்த்த கயிற்றை உள்ளே இழுக்காமல் விட்டால் அது விசிறியில் சுற்றி இயந்திரத்தை நிறுத்திவிடும். விருந்தாளி ஒருவர் உதவி செய்ய முன்வந்து, ஒரு காலைக் கரையிலும் மறு காலைப் படகிலும் வைத்துப் படகைத் தள்ளுவதும் உண்டு. தள்ளினால் இரண்டும் விலகத்தானே செய்யும்? இடைவெளி அவர் கால்களின் நீளத்தைத் தாண்டும் கணத்தை அவரைத் தவிர எல்லாரும் முன்பே அறிந்திருப்பார்கள்.

இத்தனைக்கும் நடுவில் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் கடிந்துகொள்வதும் நடக்கும். சுக்கானுக்கும் முகப்புக்கும் இடையே பத்து மீட்டர் தொலைவு, குறுக்கே இயந்திர ஓசை, எதிர்க்காற்று. சொல்வது கேட்காது, கேட்டதற்குப் பதில் வராது, குரல் ஏறிக்கொண்டே போகும். கடல் வானொலியின் பேசும் பொத்தான் இருக்கை இடுக்கில் சிக்கி அழுந்திப்போனால், அவசர அழைப்புக்கென எல்லாப் படகுகளும் கப்பல்களும் கேட்டுக்கொண்டிருக்கும் 16 ஆம் அலைவரிசையில் அந்தக் குடும்ப உரையாடல் முழுவதும் ஒலிபரப்பாகும். அழுந்திய பொத்தானால் அந்தக் கருவி எதையும் கேட்கும் நிலையிலும் இருக்காது. ஆகவே நிறுத்தச் சொல்லி மற்றவர்கள் எவ்வளவு மன்றாடினாலும் அவர்களை எட்டாது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வந்தாலும், அந்த நேரத்தில் உண்மையாகவே மூழ்கும் ஒருவரின் குரல் அமுங்கிப்போகக்கூடும் என்பதால் கடலோரக் காவல்படையினர் இதைச் சற்றும் விரும்புவதில்லை.

நங்கூரத்தின் கதை தனி. நங்கூரம் தன் எடையால் படகைப் பிடித்து நிறுத்துகிறது என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில், சங்கிலி தரையோடு படிந்து கிடைமட்டமாக இழுத்தால்தான் அதன் அலகு மண்ணில் புதைந்து பிடிக்கும். அதனால் நீரின் ஆழத்தோடு முகப்பின் உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுவது பொது வழக்கம். பாதிக்கு மேல் கயிறாக இருந்தால் இன்னும் கூடுதலாக விட வேண்டும். புதியவர் நங்கூரம் தரையைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டு விருந்துக்கு உட்கார்ந்துவிடுகிறார். இரவில் காற்று எழும்போது படகு நங்கூரத்தையும் இழுத்துக்கொண்டு மெல்ல ஊர்வலம் கிளம்புகிறது. காலையில் சாளரத்துக்கு வெளியே வேறு ஊர் தெரிகிறது, அல்லது அயல்படகின் சமையலறை தெரிகிறது. இதைவிட விரைவாக முடியும் விபத்தும் ஒன்று உண்டு. சங்கிலியின் உள்முனையைப் படகோடு கட்டியிருக்கிறார்களா என்று பார்க்காமல் விடுகிறவர், முழு நீளமும் கடகடவென ஓடி, கடைசி வளையமும் முகப்பைத் தாண்டி நீருக்குள் மறைவதைக் கையைப் பிசைந்துகொண்டு பார்க்க நேரும்.

மத்தியதரைக் கடலில் படகின் பின்பக்கத்தைக் கரையோடு கட்டி, முன்னால் நங்கூரம் இறக்கி நிறுத்துவது வழக்கம். கிரேக்கத் தீவான ஹைட்ராவின் துறைமுகம் மிகச் சிறியது, கோடையில் வந்து குவியும் படகுகளோ ஏராளம். ஒவ்வொருவரும் சற்றுக் கோணலாக இறக்கினாலும் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடுகின்றன. காலையில் முதலில் கிளம்புகிறவர் தம் நங்கூரத்தைத் தூக்கும்போது அதனோடு அடுத்தவருடையதும் மேலே வருகிறது. அடுத்தவரின் படகு பிடிப்பை இழந்து கரையை நோக்கிப் பின்வாங்குகிறது. மின்பொறி இருப்பதால் எடை கையில் தெரிவதில்லை, தெரிந்திருந்தால் இரண்டு நங்கூரம் தூக்குகிறோம் என்று உடனே புரிந்திருக்கும்.

கடலின் ஆழமும் மட்டமும் நிலையானவை என்ற எண்ணமே அடுத்த பெரிய குழி. மத்தியதரைக் கடலில், கடல் மட்டம் நாள்தோறும் ஏறி இறங்கும் ஏற்றவற்றம் மிகக் குறைவு. அங்கே பழகிய ஒருவர் பிரான்சின் வடகரையில் உள்ள சென் மாலோவுக்கு வந்தால், பெரிய ஏற்றக் காலத்தில் கடல் மட்டம் பன்னிரண்டு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குவதைக் காண்பார். அது நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம். அத்தகைய கரைகளில் ஏற்றத்தின்போது சுவரோடு இறுகக் கட்டிவிட்டு ஊருக்குள் உணவருந்தப் போகிறவர் திரும்பி வரும்போது தண்ணீர் இறங்கியிருக்கும், படகு இறங்கியிருக்காது. கயிறுகள் முறுக்கேறி நிற்க, அது சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். மணல்திட்டில் தரைதட்டுவது இதைவிட அமைதியான அனுபவம், காலத்தைச் சரியாகத் தேர்ந்திருந்தால். வற்றும்போது தட்டினால் பல மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்; படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்க, உள்ளிருப்பவர்கள் சுவரைத் தரையாகக் கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாதத்தின் மிகப் பெரிய ஏற்றத்தின் உச்சியில் தட்டினால், அடுத்த ஏற்றம் அதைவிடச் சிறியதாகவே வரும், அதற்கடுத்தது இன்னும் சிறியதாக. அதே உயரத்துக்குத் தண்ணீர் திரும்ப இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம்.

சோலன்டின் நடுவில் உள்ள பிராம்பிள் திட்டு இதற்குப் பெயர்போன இடம். ஆண்டின் மிகத் தாழ்ந்த வற்றத்தின்போது அது சிறிது நேரம் வெளியே தெரியும். அந்த நேரத்தில் ராயல் சதர்ன் படகுச் சங்கத்தாரும் ஐலண்ட் செய்லிங் சங்கத்தாரும் அங்கே இறங்கிக் கிரிக்கெட் ஆடுகிறார்கள். எத்தனையோ உல்லாசப் படகுகள் தட்டி நின்ற அந்தத் திட்டில், 2008 நவம்பரில், பணியிலிருந்து விடைபெறச் சில நாளே இருந்த குயின் எலிசபெத் 2 என்னும் பெருங்கப்பலும் தட்டி நின்றது. ஆகவே தரைதட்டுதலைப் புதியவர்களின் தனிச்சொத்தாகக் கருதிவிடக் கூடாது.

ஆழத்தைக் காட்டும் கருவியும் ஒரு வகையில் பொறி. அதில் தெரியும் 3 என்ற எண் மீட்டரா, அடியா, கடல் ஆழத்தை அளக்கும் பழைய அலகான பாகமா என்று பார்க்காமல் ஓட்டுபவர்கள் உண்டு; 3 பாகம் என்றால் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர், 3 அடி என்றால் ஒரு மீட்டருக்கும் குறைவு. மேலும், அந்த எண் நீர்மட்டத்திலிருந்து எடுக்கப்பட்டதா, ஏராக்கட்டையின் அடியிலிருந்து எடுக்கப்பட்டதா என்பது கருவியை அமைத்தவரைப் பொறுத்தது. வாடகைப் படகில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கிளம்பினால் தரைதான் விடை சொல்லும்.

வழி தவறுவதில் 2010 இல் இங்கிலாந்தில் நடந்த ஒன்றை மிஞ்சுவது அரிது. அது பாய்மரப் படகு அன்று, விசைப்படகு. ஆயினும் பாடம் ஒன்றே. கென்ட் மாவட்டத்து ஜில்லிங்கத்திலிருந்து சவுத்தாம்டனுக்குப் போக நினைத்த ஒருவர், கடல் வரைபடம் இல்லாமல் சாலை வரைபடத்தை வைத்துக்கொண்டு, நிலத்தை எப்போதும் வலப்பக்கம் வைத்தபடி ஓட்டினால் போதும் என்று புறப்பட்டார். அவர் வலப்பக்கம் வைத்துக்கொண்ட நிலம் ஷெப்பி என்னும் தீவு. எரிபொருள் தீரும்வரை அந்தத் தீவையே சுற்றிச் சுற்றி வந்தவரைக் கடைசியில் உயிர்காப்புப் படகினர் மீட்டார்கள். விதியில் தவறில்லை, நிலம் வலப்பக்கம்தான் இருந்தது. நிலப்பகுதியிலிருந்து ஷெப்பியைப் பிரிக்கும் குறுகிய நீர்வழி சாலை வரைபடத்தில் கண்ணுக்குப் பட்டிருக்காது.

மின்திரை வரைபடம் இருந்தால் இப்படி நேராது என்று நினைக்க வேண்டாம். 2014 நவம்பரில், உலகைச் சுற்றும் வோல்வோ பெருங்கடல் போட்டியில், தேர்ந்த தொழில்முறை மாலுமிகள் ஓட்டிய வெஸ்டாஸ் குழுவின் படகு, மொரீஷியசுக்கு வடகிழக்கே உள்ள கார்கடோஸ் கராஜோஸ் பவளத்திட்டின்மீது முழு வேகத்தில் ஏறியது. வரைபடத்தைப் போதிய அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் அந்தத் திட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. எல்லாரும் உயிர் பிழைத்தார்கள். மின்திரையில் தொலைவிலிருந்து பார்க்கும்போது சிறிய ஆபத்துகள் மறைந்துபோகின்றன என்ற இந்த உண்மையை, திரையைக் கண்ணாடிச் சாளரம்போல் நம்பும் எந்தப் புதியவருக்கும் முதல் நாளிலேயே சொல்ல வேண்டும்.

கீழே பார்ப்பதைப் போலவே மேலேயும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய உள்நாட்டு நீர்வழியில் நிலையான பாலங்கள் பெரும்பாலும் 65 அடி உயரம் விட்டுக் கட்டப்பட்டவை. மயாமியில் உள்ள ஜூலியா டட்டில் பாலமோ 56 அடிதான். பாய்மரத்தின் உயரத்தை உச்சியில் நிற்கும் வானொலிக் கம்பியையும் காற்றுமானியையும் சேர்க்காமல் கணக்கிட்டவர்கள் அவற்றைப் பாலத்துக்குக் காணிக்கையாக்கிவிட்டு வருகிறார்கள். சற்றே உயரம் மிகுந்த படகுக்காரர்கள், பெரிய தண்ணீர்ப் பைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுப் படகை வேண்டுமென்றே சாய்த்து, பாலத்துக்கு அடியில் நழுவிச் செல்வதும் உண்டு. அது கோமாளித்தனமாகத் தெரிந்தாலும் உண்மையில் நல்ல கணக்கு.

கழிப்பறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். படகின் கழிப்பறை ஒல்லியான குழாய்களும் ரப்பர் அடைப்பிதழ்களும் கொண்டது. உண்டு செரித்ததைத் தவிர வேறு எதையும் அதில் போடக் கூடாது என்ற விதியை விருந்தினருக்குச் சொல்லக் கூச்சப்படும் உரிமையாளர், பிறகு அதைத் தம் கையாலேயே கழற்ற நேரும். கடல்நீர் உள்ளே வரும் அடைப்பானைத் திறந்தே விட்டு, குழாயின் வளைவும் நீர்மட்டத்துக்கு மேல் எழாமல் இருந்தால், அந்தக் குழாய் வழியாகவே கடல் உள்ளே வந்துவிடும். அசையாமல் கட்டப்பட்டிருந்த படகுகளே இப்படி மூழ்கியிருக்கின்றன.

சிரிப்பு நிற்க வேண்டிய இடங்களும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட முடியாது. காற்று பின்னாலிருந்து வீசும்போது சுக்கான் சிறிது பிசகினால், பெரிய பாய் அதன் அடித்தண்டோடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரே வீச்சில் பாய்கிறது. அதன் பாதையில் தலை இருந்தால் உயிர் போகலாம். மின்பொறியில் சிக்கிய விரலுக்கு அந்தப் பொறி இரக்கம் காட்டாது. பாய்மரப் படகுக்கு விசைக்கப்பல் வழிவிட வேண்டும் என்ற விதியை மட்டும் அரைகுறையாகப் படித்தவர், குறுகிய கால்வாயில் வரும் பெருங்கப்பலுக்கு அது பொருந்தாது என்பதை அறிவதில்லை. சோலன்டில் 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலுக்கு முன்னால் 1,000 மீட்டரும் இருபுறமும் 100 மீட்டரும் சிறுபடகுகள் நுழையக் கூடாத பகுதி. 2011 இல் கவுஸ் வாரப் போட்டியின்போது ஒரு பாய்மரப் படகு எண்ணெய்க் கப்பலின் முன்னே அகப்பட்டு, அதன் பெரிய முன்பாய் கப்பலின் நங்கூரத்தில் மாட்டி, பாய்மரம் முறிந்தது. ஆங்கிலக் கவிஞர் ஷெல்லி தமக்கென்று கட்டிய திறந்த படகில் அளவுக்கு மீறிப் பாய்களைக் கூட்டிக்கொண்டார், நீந்தவும் தெரியாது. 1822 ஜூலை 8 அன்று இத்தாலிக் கரையோரப் புயலில் அவரும் உடன் சென்ற இருவரும் மாண்டார்கள்.

சட்டம் ஏன் இவர்களைத் தடுப்பதில்லை என்று கேட்டால், நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. கிரேக்கத்திலும் குரோஷியாவிலும் வாடகைப் படகை ஓட்டச் சான்றிதழ் கேட்பார்கள். பிரிட்டனில் 24 மீட்டருக்குக் குறைந்த சொந்த உல்லாசப் படகை ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. 1824 இல் தொடங்கிய அந்நாட்டு உயிர்காப்புப் படகுச் சங்கம் ஏழை பணக்காரர் பாராமல் கட்டணமின்றி மீட்கிறது. ஆனால் உயிரை மீட்பதும் படகை மீட்பதும் வேறு வேறு. 1989 ஆம் ஆண்டுப் பன்னாட்டு மீட்பு உடன்படிக்கையின்படி, ஆபத்திலிருந்த படகை மீட்டுத் தந்தவருக்கு உரிய வெகுமதி, மீட்கப்பட்ட பொருளின் மதிப்பையும் வைத்தே கணக்கிடப்படுகிறது. அலட்சியமாக ஒருவர் வீசும் கயிற்றைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும் செல்வந்தர், அந்தக் கயிறு எந்த உடன்பாட்டின்மேல் வந்தது என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. படகின் விலை ஏற ஏற அந்த வெகுமதியும் ஏறும்.

செல்வந்தராக இருந்தும் சிறுபடகுப் பயிற்சி என்ற அந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதவர்கள் இருக்கிறார்களா என்றும் கேட்கலாம். தொலைக்காட்சித் தொழிலதிபர் டெட் டர்னர் நல்ல எடுத்துக்காட்டு. அவர் சிறுவயதில் ஜார்ஜியா மாநிலத்துச் சவானாவில் சிறுபடகில் தொடங்கியவர். பலத்த காற்றிலும் பாயைக் குறைக்காமல் ஓட்டி அடிக்கடி கவிழ்ந்ததால் அவருக்குக் ‘கவிழ்க்கும் பையன்’ என்ற பட்டப்பெயரே நிலைத்தது. 1974 இல் அமெரிக்காக் கோப்பைக்கான தேர்வில் மரைனர் என்ற படகின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். 1977 இல் கரேஜியஸ் படகைத் தாமே ஓட்டி, நான்கு ஓட்டங்களையும் வென்று கோப்பையைக் காத்தார். 1979 இல், கடும்புயலில் போட்டியாளர்கள் பதினைந்து பேர் உயிரிழந்த ஃபாஸ்ட்நெட் போட்டியில், அவருடைய டெனேஷியஸ் படகு புயலைக் கடந்து வந்து ஒட்டுமொத்த வெற்றி பெற்றது.